இடுப்பு வலிக்காரர்களுக்குச் சமநிலைப் பயிற்சி: வீட்டில் தொடங்குவது எப்படி?

திருப்பூரில் பிசியோதெரபி பார்க்கும் எனக்கு இடுப்பு வலி என்றாலே முதலில் நினைவுக்கு வருவது கம்பெனிகளில் ஓடும் மோட்டார் தையல் மெஷினான பவர்டேபிள்தான். சாதாரண நாளில் எட்டு மணி நேரம், ஆர்டர் நெருக்கும்போது ஒன்றரை ஷிஃப்ட் என்று பன்னிரண்டு மணி நேரம், குனிந்த தலையோடு உட்கார்ந்து தைப்பவர்கள். அப்படி வந்த ஒரு அக்கா எம்.ஆர்.ஐ. கவரை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "உக்காந்தா வலி, குனிஞ்சா வலி, அதெல்லாம் பழகிருச்சுங்க மேடம். டவுன் பஸ்ல நிக்கறப்ப டிரைவர் பிரேக் போட்டாருன்னா, அப்பத்தானுங்க உசுரே போகுது."

அவரைச் சுவர் ஓரமாக நிறுத்தி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். ஐந்து எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்துவிட்டார். வயது நாற்பத்திரண்டு. ஐந்து வருடமாக ஊசி, மாத்திரை, பெல்ட், ஒத்தடம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அவரால் நிலையாக நிற்க முடிகிறதா என்று மட்டும் யாரும் பார்க்கவில்லை. "வலி இடுப்புல, நீங்க காலைத் தூக்கச் சொல்றீங்களே" என்று அவருக்கு ஆச்சரியம்.

அந்தக் கேள்விக்குப் பதிலும், அவருக்கு நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியும்தான் இந்தக் கட்டுரை. வலி 12 வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதை நாள்பட்ட வலி என்று சொல்கிறோம். அந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நேற்று சிலிண்டர் தூக்கி இன்று பிடித்துக்கொண்டவர்கள் சில நாள் பொறுத்து, வலி கொஞ்சம் தணிந்ததும் வரலாம்.

முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்

இதைத் தாண்டிப் போகாமல் படியுங்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, சிறுநீரோ மலமோ தெரியாமலே போனாலோ, உட்காரும் இடமும் தொடையின் உள்பக்கமும் மரத்துப்போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு ராத்திரியைக்கூடத் தள்ளக் கூடாது. பாதம் தூக்க வராமல் தரையில் இழுபடுவது, கால் பலம் நாளுக்கு நாள் குறைவது, இவையும் அவசரம்தான்.

சாயங்காலமானால் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் ஓயாத ராத்திரி வலி இருந்தால் பயிற்சிக்கு முன் பரிசோதனை வேண்டும். காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை, முதுகெலும்பிலும் வரும். நம் நாட்டில் அதை மறந்துவிடவே கூடாது. முன்பு புற்றுநோய் வந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், எலும்பு மெலிந்து பலவீனமான நிலையில் கீழே விழுந்தவர்கள், இவர்களும் அப்படியே. கர்ப்பிணிகள், சமீபத்தில் முதுகில் ஆபரேஷன் ஆனவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் உங்கள் வலி பெரும்பாலும் ஆபத்தில்லாத வகை. ஸ்கேனில் "டிஸ்க் தேய்ந்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறதே என்பீர்கள். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்து 2015-இல் ஒரு ஆய்வு வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். அத்தனை பேரும் வலியில்லாதவர்கள். அந்த வரியைப் பார்த்துப் பயந்து உடம்பை அசைக்காமல் வைத்திருப்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். நரை முடியைப் போலத்தான் அதுவும் என்று அவர்களிடம் சொல்வேன்.

இடுப்பு வலிக்கும் தடுமாற்றத்துக்கும் என்ன சம்பந்தம்?

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடத்திலிருந்து மூளைக்குச் செய்தி போகிறது. ஒன்று கண். இன்னொன்று உள்காது. மூன்றாவது, தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ளங்காலிலும் இருக்கும் உணர் நரம்புகள். கண்ணை மூடிக்கொண்டாலும் கை எங்கே இருக்கிறது என்று தெரிகிறதே, அது இந்த மூன்றாவது வழியில் வரும் செய்தி. முதுகெலும்பை ஒட்டி, எலும்புக்கு எலும்பு பின்னியிருக்கும் சின்னச் சின்னத் தசைகள் உண்டு. மல்டிஃபிடஸ் என்று பெயர். முதுகு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வதில் இவற்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வலி வந்தால் இந்தத் தசை மெலிந்துபோகிறது. வலி போன பிறகும் அது தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை என்று 1990-களிலேயே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

அதே ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் செய்த இன்னொரு சோதனை 1996-இல் வெளிவந்தது. நிற்பவரிடம் கையைச் சட்டென்று தூக்கச் சொன்னார்கள். வலியில்லாதவர்களுக்குக் கை கிளம்பும் முன்பே அடிவயிற்றின் ஆழத்திலுள்ள தசை வேலையைத் தொடங்கிவிடுகிறது. கை தூக்கினால் உடம்பு ஆடும் என்று அதற்கு முன்கூட்டியே தெரியும். இடுப்பு வலிக்காரர்களுக்கு அந்தத் தசை தாமதமாக வந்து சேர்கிறது. பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தில் கெண்டைக்கால் தசையில் அதிர்வு கொடுத்துப் பார்த்தார்கள். இடுப்பு வலிக்காரர்கள் நிற்பதற்கு முதுகிலிருந்து வரும் செய்தியைவிடக் கணுக்காலிலிருந்து வரும் செய்தியையே அதிகம் நம்புவது தெரிந்தது. தரை மெத்தென்று மாறி, கணுக்காலின் செய்தி குழம்பிய பிறகும் அவர்கள் அதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது பஸ்ஸுக்குத் திரும்பி வருவோம். பிரேக் போட்டதும் முதுகுக்குத் தகவல் தாமதமாக வருகிறது. தாமதத்தை ஈடுகட்ட வெளியிலுள்ள பெரிய தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடிக்கின்றன. அந்த இறுக்கம்தான் சுரீர் என்று குத்துகிறது. நாலு முறை இப்படி ஆனால் உடம்பு பாடம் படித்துக்கொள்கிறது: எப்போதும் இறுக்கியே வைத்துக்கொள். அதன்பின் நடந்தாலும் குனிந்தாலும் முதுகு பலகைபோல ஒரே துண்டாக வருகிறது. இறுக்கிய தசை ஓய்வில்லாமல் களைத்து, அதுவும் வலிக்கிறது.

ஆகவே இந்தப் பயிற்சியின் வேலை முதுகைக் கெட்டியாக்குவது இல்லை. ஏற்கெனவே கெட்டியாகத்தான் இருக்கிறது. எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்ற நிதானத்தை அதற்குத் திரும்பக் கொடுப்பதுதான் நோக்கம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சமநிலைப் பயிற்சி மற்ற எல்லாப் பயிற்சியையும்விடச் சிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி உதவுகிறது என்பதை 249 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் 2021-ஆம் ஆண்டுத் தொகுப்பு உறுதிசெய்தது. ஆழத்தசைகளுக்கான தனிப் பயிற்சி மற்ற பயிற்சிகளைவிடப் பெரிதாக மேல் என்று காட்ட முடியவில்லை என்கிறது 2016-இல் வந்த இன்னொரு தொகுப்பு. நீங்கள் விடாமல் செய்வீர்கள் என்றால் நீச்சலோ யோகாவோகூட நல்லதுதான். ஆனால் அசையவே பயப்படுபவர்களுக்கும், தடுமாறும்போது வலி வருகிறது என்பவர்களுக்கும் இந்த வழி பொருந்துவதை நான் பார்த்திருக்கிறேன். கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். பெல்ட்டையும், எடை கட்டி இடுப்பை இழுக்கும் டிராக்‌ஷனையும் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு இரண்டையும் பரிந்துரைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. பயிற்சியைப் பரிந்துரைக்கிறது.

தொடங்கும் முன்

இரண்டு சுவர் சேரும் மூலை ஒன்று போதும். முதுகை மூலைக்குக் காட்டி நின்றால் பின்னாலும் பக்கவாட்டிலும் சுவர் இருக்கும். முன்னால் கனமான மர நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் சேர் வேண்டாம், டைல்ஸில் வழுக்கிக்கொண்டு போய்விடும். தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். வெறும் கால் நல்லது, உள்ளங்கால் தரையைத் தொட்டால்தான் செய்தி முழுதாகப் போகும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் செருப்பைக் கழற்ற வேண்டாம். நழுவாத, பின்பட்டை உள்ள செருப்போடு செய்து, முடித்ததும் உள்ளங்காலைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தூங்கி எழுந்த கையோடு செய்யக் கூடாது. ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நாம் ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது அதனால்தான். ஒரு மணி நேரம் போகட்டும். வாசல் தெளித்து, காபி குடித்து, அப்புறம் தொடங்கலாம்.

வலிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வலியே இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. பயிற்சியின்போது மூன்று நான்கு வரை வந்தால் பரவாயில்லை, மறுநாள் இதே நேரத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் செய்தது அதிகம், பாதியாகக் குறையுங்கள். காலில் இருக்கும் வலி முழங்காலிலிருந்து பாதத்துக்கு என்று கீழே கீழே இறங்கினால் அந்த அசைவை நிறுத்திவிடுங்கள். அதுவே காலை விட்டு மேலேறி இடுப்போடு நின்றால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் நல்ல அறிகுறிதான்.

இன்றைக்கே ஒரு அளவு எடுங்கள்

மூலையில் நின்று, இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஒரு காலைத் தூக்குங்கள். தூக்கிய கால் நிற்கும் காலைத் தொடக் கூடாது. கை பிரிந்தாலோ, கால் தரையைத் தொட்டாலோ, நிற்கும் பாதம் இடம் மாறினாலோ நேரம் முடிந்தது. ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை பார்த்து, சராசரியைத் தேதியோடு காலண்டரில் எழுதிவையுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க: 45 நொடியோடு நிறுத்திவிடும் ஒரு சோதனையில், கண்ணைத் திறந்துகொண்டு நின்றவர்களின் சராசரி இப்படி இருந்தது. நாற்பது வயதுக்குக் கீழே 43 நொடி, ஐம்பதுகளில் 37, அறுபதுகளில் 27, எழுபதுகளில் 15. கண்ணை மூடிவிட்டால் இளைஞர்களுக்கே 9 நொடிதான். உங்கள் எண் குறைவாக இருந்தால் மனம் விட்டுவிட வேண்டாம், கூட்ட இடம் இருக்கிறது என்று அர்த்தம். எந்தக் கால் பலவீனம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: படுத்துக்கொண்டு

பாயில் மல்லாந்து படுத்து முட்டியை மடக்கிக்கொள்ளுங்கள். ஒரு கை வயிற்றில், ஒரு கை மார்பில். மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிற்றுக் கை மேலே வர வேண்டும். இடுப்பு வலிக்காரர்கள் பலர் தங்களை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு நிமிடம் இப்படி விட்டாலே இறுக்கம் கொஞ்சம் இளகும்.

அடுத்து, தொப்புளுக்குக் கீழே அகலமான கிண்ணம் ஒன்றில் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பை மட்டும் அசைத்து, தண்ணீரைத் தொப்புள் பக்கம் சாயுங்கள். கீழ்முதுகு பாயில் பதியும். பிறகு கால் பக்கம் சாயுங்கள். முதுகுக்கும் பாய்க்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி வரும். வேகம் வேண்டாம். ஒரு பக்கம் போக ஒரு மூச்சு. பத்து முறை முன்பின், பத்து முறை இடவலம், பிறகு கிண்ணத்தின் விளிம்பிலேயே தண்ணீர் சுற்றி வருவதுபோல வட்டம். சில இடங்களில் வட்டம் வெட்டி வெட்டிப் போகும். அந்த இடத்தில்தான் உங்கள் முதுகு தன்னை மறந்திருக்கிறது. அங்கே சின்னதாக, மெதுவாகப் போய்ப் போய் வாருங்கள்.

இது ஒரு பயிற்சியா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இதை ஒழுங்காகச் செய்யாமல் ஒற்றைக் காலுக்குப் போனவர்கள் எல்லாம் பலகை முதுகோடுதான் நிற்கிறார்கள். ஒரு வாரமாவது கொடுங்கள். நாள் முழுக்க வயிற்றை எக்கிக்கொண்டே இருக்கச் சொல்லும் அறிவுரையையும் இதோடு விட்டுவிடுங்கள், இறுகிய உடம்புக்கு அது இன்னொரு பூட்டு.

இரண்டாம் படி: மண்டியிட்டு

இரண்டு கை, இரண்டு முட்டி தரையில். முட்டிக்குக் கீழே ஜமுக்காளத்தை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். முட்டி ஒத்துக்கொள்ளாதவர்கள் சமையல் மேடையில் கையூன்றி நின்றே செய்யலாம். முதலில் பூனை முதுகை வளைப்பதுபோல மேலே வளைத்து, பிறகு பள்ளமாக்கி, பத்து முறை. யோகா வகுப்புக்குப் போனவர்களுக்கு இது தெரியும்.

பிறகு முதுகை இரண்டுக்கும் நடுவில் வசதியான இடத்தில் நிறுத்தி, ஒரு காலை மட்டும் பின்னால் நீட்டித் தூக்குங்கள். எட்டு எண்ணி இறக்குங்கள். அது ஆடாமல் வந்ததும் வலது கால், இடது கை இரண்டையும் சேர்த்து நீட்டுங்கள், அடுத்து மாற்றி. கனடாவில் முதுகெலும்பின் இயக்கத்தை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகளில் இது ஒன்று. ஒரு தடவைக்குப் பத்து நொடிக்குமேல் பிடிக்காமல், எண்ணிக்கையைக் கூட்டுவதே அவர் முறை. காலை உயரத் தூக்குவதில் ஒன்றுமில்லை, இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் இருப்பதில்தான் விஷயம். சோதிக்க, பாதித் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் டம்ளரை இடுப்பின் மேல் வைத்துப் பாருங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் டம்ளரைக் காவல் காக்க ஆள் கிடைத்துவிடும்.

மூன்றாம் படி: இரண்டு காலில் நின்று

மூலையில் நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி, முட்டி பூட்டாமல் இளக்கமாக. உடம்பை நேராக வைத்தபடி எடையை விரல்களுக்குக் கொண்டுபோங்கள், பிறகு குதிகாலுக்கு, பிறகு இடது, வலது. எங்கே விழப்போகிறோம் என்று தோன்றுகிறதோ அதற்குச் சற்று முன்பே திரும்பி வாருங்கள். அந்த எல்லையைத் தெரிந்துகொள்வதுதான் இதில் வேலை. மூச்சு நின்றுவிட்டதா என்று அடிக்கடி பாருங்கள்.

எளிதானதும் பாதங்களைச் சேர்த்து வைத்து நில்லுங்கள். அப்புறம் ஒரு பாதத்தின் குதிகால் மற்ற பாதத்தின் கட்டைவிரலைத் தொடும்படி ஒரே கோட்டில். 30 நொடி நிற்க முடிந்தால் தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். எளிதாக இருந்தது திடீரென்று கடினமாகிவிடும், கண்ணும் உள்காதும் அனுப்பும் செய்தி மாறிக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

இதே படியில் குனியவும் பழகிவிடலாம். இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது பீரோ கதவைப் பின்பக்கத்தால் தள்ளிச் சாத்துவோமே, அதே அசைவுதான். சுவருக்கு முதுகு காட்டி ஒரு சாண் தள்ளி நின்று, முட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, பின்பக்கத்தைச் சுவரில் தொடுங்கள். குனிவு முதுகில் வராமல் தொடை இடுக்கில் வர வேண்டும். ஒட்டடைக் கம்பை முதுகோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டால் தெரியும்: தலை, நடுமுதுகு, வால் எலும்பு மூன்றும் கம்பை விட்டு விலகக் கூடாது. பழகப் பழகச் சுவரிலிருந்து இன்னும் அரை சாண் தள்ளி நில்லுங்கள். தண்ணீர்க் குடம், மாவு வாளி, கம்பெனியில் துணி பண்டல் எல்லாவற்றுக்கும் இந்தக் குனிவு உதவும்.

அதற்காக, முதுகை வளைக்கவே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "ஆயுசுக்கும் குனியாதீங்க" என்று சொல்லி அனுப்பும் அறிவுரையோடு எனக்கு உடன்பாடே கிடையாது. கோலம் போடாமலும் குழந்தையைத் தூக்காமலும் எப்படி வாழ்வது? கனத்துக்கு இந்தக் குனிவு, லேசானதற்கு எந்தக் குனிவும் சரிதான்.

நான்காம் படி: ஒற்றைக் காலில்

இங்கே அவசரப்படுபவர்கள்தான் அதிகம். முந்தைய படியை அடுத்தடுத்து இரண்டு நாள் செய்து, மறுநாள் வலி கூடவில்லை என்றால் மட்டும் வாருங்கள். வாரக் கணக்கு பார்க்க வேண்டாம். சிலருக்குப் பத்து நாள், சிலருக்கு ஐந்து வாரம்.

முதலில் முழு எடையும் ஒரு காலில், மற்றக் காலின் கட்டைவிரல் நுனி தரையைத் தொட்டபடி. நாற்காலியில் ஒரு விரல் வைத்துக்கொள்ளலாம். அந்தத் தொடுகையே பெரிய தகவல் மூளைக்கு. பிறகு விரலை எடுங்கள். அப்புறம் கட்டைவிரலைத் தூக்குங்கள். 10 நொடியில் தொடங்கி 30 வரை, காலுக்கு மூன்று முறை, பலவீனமான காலுக்கு ஒன்று கூடுதலாக. கண்ணாடி முன் நின்று பாருங்கள்: எதிர்ப் பக்க இடுப்பு தொங்கினாலோ உடம்பு நிற்கும் கால் பக்கம் சாய்ந்தாலோ, இன்னும் ஒரு விரல் ஆதரவு வேண்டும். கணுக்கால் கிடுகிடுவென்று ஆடுவது நல்லது. அதை அடக்கப் பார்க்காதீர்கள், அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

நிலைத்ததும் கடிகாரம். தரையில் பெரிய கடிகாரம் வரைந்து நடுவில் நிற்பதாக நினையுங்கள். இடது காலில் நின்று, வலது கட்டைவிரலால் பன்னிரண்டு மணியை லேசாகத் தொட்டு வாருங்கள், பிறகு மூன்று, பிறகு ஆறு. கால் மாற்றினால் பன்னிரண்டு, ஒன்பது, ஆறு. எடையைத் தொடும் காலில் போட்டுவிடக் கூடாது. நாளுக்கு நாள் கொஞ்சம் தூரமாக. இந்த ஒரு பயிற்சியில் இடுப்பு, முட்டி, கணுக்கால், முதுகு நான்கும் பேசிக்கொள்ளும். நேரம் இல்லாத நாளில் இதை மட்டும் செய்தாலும் போதும் என்று சொல்லிவிடுவேன்.

ஐந்தாம் படி: எதிர்பாராத ஆட்டம்

பிரேக் போடப்போகிறேன் என்று டிரைவர் சொல்லிவிட்டுப் போடுவதில்லை. அதனால் பயிற்சியிலும் கொஞ்சம் எதிர்பாராதது வேண்டும். ஒரே கோட்டில் நின்றபடி ரப்பர் பந்தைச் சுவரில் எறிந்து பிடியுங்கள். கைகளை வேகமாக முன்னும் பின்னும் வீசுங்கள், குயின்ஸ்லாந்து சோதனையில் செய்ததுபோல. நிற்கும்போதே நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லுங்கள். கவனம் கணக்குக்குப் போனதும் உடம்பு தானாக நிற்கப் பழகும்.

மடித்த போர்வை மேல் நிற்பது இதற்கு அடுத்தது. கணுக்காலையே நம்பும் பழக்கத்தைக் குறைத்து முதுகையும் இடுப்பையும் வேலைக்குக் கூப்பிட அது உதவும். முதலில் இரண்டு காலும் ஊன்றித்தான். கண்ணை மூடிச் செய்வது கடைசி. மூலையில், சுவரை ஒட்டி, ஐந்து நொடியாக. 65 வயதுக்கு மேற்பட்டவர்களும், பாதம் மரத்தவர்களும், தலைசுற்றல்காரர்களும் கண் மூடுவதையும் போர்வையையும் தவிர்த்துவிடுங்கள். அவர்களுக்கு நான்காம் படியே தாராளம்.

நடை

இதை எந்தப் படியிலும் தொடங்கலாம், முதல் நாளே தொடங்கலாம். ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்துச் செய்து 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. இடுப்பு வலி வந்து சரியானவர்களில் ஒரு பகுதியினருக்கு, பிசியோதெரபிஸ்ட் துணையோடு, வாரம் ஐந்து நாள் முப்பது நிமிடம் என்ற இலக்கை நோக்கிப் படிப்படியாக நடக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப வர 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். இவ்வளவு சாதாரணமான ஒன்று இவ்வளவு செய்கிறது.

ஆனால் எப்படி நடக்கிறோம் என்பதும் முக்கியம். இயல்பான நடையில் வலது கால் முன்னால் போகும்போது இடது தோள் முன்னால் வரும், முதுகு நடுவில் மெல்ல முறுகி விடுபடும். வலிக்காரர்களுக்கு இந்த முறுக்கு குறைந்து மேலுடம்பும் இடுப்பும் சேர்ந்தே திரும்பும். கையில் பையோ போனோ இல்லாமல், கைகளைத் தளர்த்தி வீசி நடங்கள். மொட்டைமாடியில் எட்டு வடிவத்தில் நடப்பவர்கள் நம் ஊரில் நிறைய. அதனால் தீரும் என்று சொல்லப்படும் நோய்ப் பட்டியலை நான் நம்புவதில்லை. ஆனால் இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்ப வைப்பதால் சமநிலைக்கு அது நல்ல பயிற்சி. முதல் வாரம் பத்து நிமிடம், அப்புறம் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் போதும்.

அன்றாட வேலைக்குள் நுழைப்பது

படிகளுக்கு மொத்தம் பதினைந்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். அதற்கும் நேரமில்லை என்கிற தாய்மார்களிடம் நான் கேட்பது, பால் பொங்கும் வரை ஒற்றைக் காலில் நிற்க முடியுமா என்றுதான். மேடை பக்கத்திலேயே இருக்கிறது, பிடித்துக்கொள்ளலாம். அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தைக் கையில் எடுக்கும்போது மட்டும் இரண்டு காலையும் ஊன்றிவிடுங்கள்.

மெஷினில் உட்காருபவர்கள் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, பாபின் மாற்றும் நேரத்திலாவது, எடையை நாலு பக்கமும் மாற்றி ஆடிவிட்டு உட்காருங்கள். உட்கார்ந்தபடியே கிண்ண அசைவைச் செய்யலாம், பக்கத்து டேபிள்காரருக்குக்கூடத் தெரியாது. பஸ்ஸில், வண்டி போகும் திசையில் ஒரு கால் முன், ஒரு கால் பின் வைத்து, முட்டியைத் தளர்த்தி நில்லுங்கள். கம்பியைப் பிடியுங்கள், ஆனால் கையில் தொங்க வேண்டாம், உடம்பு கொஞ்சம் ஆடட்டும். தரையில் உட்கார்ந்து எழும் பழக்கத்தை விட்டவர்கள், ஒரு கையை நாற்காலியில் ஊன்றி நாளுக்கு இரண்டு முறையாவது திரும்பத் தொடங்குங்கள்.

வலி மறுபடி பிடித்துக்கொண்டால்

பிடிக்கும். நாள்பட்ட வலியின் குணம் அது, ஏறி இறங்கித்தான் போகும். அன்றைக்கு நாள் முழுக்கப் படுத்துவிடாதீர்கள். ஒன்றிரண்டு படி கீழே இறங்குங்கள்: கடிகாரத்தில் இருந்தவர் எடை மாற்றத்துக்கு, அங்கே இருந்தவர் கிண்ணத்துக்கு. வீட்டுக்குள்ளேயே ஐந்து ஐந்து நிமிடமாக நடங்கள். மூன்று நாலு நாளில் பழைய இடத்துக்கு ஏறிவிடலாம். இரண்டு வாரமாகியும் இறங்காமல் இருந்தால் பிசியோதெரபிஸ்டை நேரில் பாருங்கள். தூக்கம் கெட்டிருந்தாலோ, வீட்டில் கவலை அதிகமிருந்தாலோ வலி கூடுவதும் உண்மையான வலிதான். அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

நாலு வாரம் முடிந்ததும் அதே மூலையில், அதே நேரத்தில், கையைக் கட்டிக்கொண்டு மறுபடி நின்று பாருங்கள். காலண்டரில் பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். வலியின் அளவைத் தனியாக எழுதுங்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் நிற்கும் நேரம் முதலில் கூடும், வலி பின்னால்தான் இறங்கும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அந்த அக்காவுக்கு நாலாவது வாரம் வலி ஆறிலிருந்து ஐந்துக்குத்தான் வந்திருந்தது. வலது காலில் நின்ற நேரம் 19 நொடி. "நேத்து பஸ்ல புடிக்கக் கம்பி கிடைக்கலைங்க மேடம்" என்றார், "பழைய பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அப்படியே வந்துட்டனுங்க."